163 மீட்டர் மலையும் மலைதான்

"சிங்கப்பூர்ல என்னங்க இருக்கு? எல்லாம் கட்டடம். கொஞ்சம் பச்சையைப் பார்க்கணும்னா வெளியே போனாத்தான் உண்டு." வெள்ளிக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலைப் பக்கம் எந்த உணவகத்தில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும். நீண்ட வாரயிறுதி வந்துவிட்டால் பேச்சு பயணமாகிவிடும். கேமரன் மலைக்குப் பேருந்து, பிந்தானுக்குப் படகு, பாலிக்கு விமானம். நேற்று வந்த கணினித் துறை ஊழியரும் இதைச் சொல்கிறார். மூன்று தலைமுறையாக இங்கேயே வாழும் குடும்பமும் சொல்கிறது. பெரியவர்களைக் கேட்டுக் கேட்டுப் பிள்ளைகளும் சொல்லப் பழகிவிட்டார்கள்.

இந்த நம்பிக்கை தவறு. வெறும் தவறாக மட்டும் இருந்தால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் இது கேடு செய்கிறது. இங்கே இயற்கை இல்லை என்று ஒரு சமூகம் முடிவுகட்டிவிட்டால், இருக்கும் இயற்கை அழியும்போது அதற்கு வலிக்காது. வலிக்காதவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். யாரும் வாய் திறக்காத காட்டை வெட்டுவது எளிது. பயணம் போகாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. போகிறவர்கள் போகட்டும். 'இயற்கை என்றால் கடவுச்சீட்டோடு போய்ப் பார்ப்பது' என்ற எண்ணத்தைத்தான் எதிர்க்கிறேன்.

முதலில் இங்கே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். லிட்டில் இந்தியா நிலையத்தில் டௌன்டவுன் பாதை ரயிலில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் தாவரவியல் தோட்டம். நம் முன்னோர் பூமலை என்று அழைத்த அதே தோட்டம். 1859இல் தொடங்கி, 2015இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதற்குள்ளே தோட்டத்தைவிட மூத்த மழைக்காடு ஒன்று, ஏறத்தாழ 6 ஹெக்டேர் பரப்பில், இன்னும் நிற்கிறது. உள்ளே போகக் கட்டணம் இல்லை. அதே ரயிலில் இன்னும் நான்கு நிறுத்தம் போனால் பியூட்டி வோர்ல்டு. அங்கிருந்து நடக்கும் தூரத்தில் புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதி.

புக்கிட் தீமாவின் உயரம் 163 மீட்டர்தான். "இதெல்லாம் ஒரு மலையா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 1854இல் இயற்கையியலாளர் ஆல்ஃப்ரெட் ரஸ்ஸல் வாலஸ் இந்த மலையடிவாரத்தில் தங்கி வண்டு பிடித்தார். இரண்டே மாதங்களில் அவர் கையில் ஏறத்தாழ 700 வகை வண்டுகள் சேர்ந்தன. டார்வினைச் சாராமல் இயற்கைத் தேர்வுக் கோட்பாட்டைத் தனியே கண்டடைந்தவர் அவர். தென்கிழக்காசியத் தீவுகளில் பல ஆண்டுகள் நீண்ட அவருடைய ஆய்வுப் பயணத்தின் தொடக்கத்திலேயே இந்தச் சிறிய மலை அவருக்கு அள்ளிக் கொடுத்தது. 1986இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான ஒரு நன்னீர் நண்டு இந்தத் தீவின் சில ஓடைகளில் மட்டுமே வாழ்கிறது. அதன் அறிவியல் பெயரிலேயே சிங்கப்பூர் இருக்கிறது. உலகில் வேறெங்கும் அது இல்லை. பாலிக்குப் போனாலும் பார்க்க முடியாது, சுவிட்சர்லாந்துக்குப் போனாலும் பார்க்க முடியாது.

அந்த மலையைத் தாண்டினால் மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதி. 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட காடு, அதற்குள் நான்கு நீர்த்தேக்கங்கள். அவற்றுள் மூத்ததான மெக்ரிட்சி 1868இல் கட்டி முடிக்கப்பட்டது. மரங்களின் தலைக்கு மேலே 250 மீட்டர் நீளத்துக்குத் தொங்கும் பாலம் 2004இல் திறக்கப்பட்டது. நீ சூனில் இந்தத் தீவின் கடைசி நன்னீர்ச் சதுப்புக் காடு இருக்கிறது. வடக்கே சுங்கை பூலோவில் அலையாத்திக் காடு. சைபீரியாவிலிருந்து வலசை புறப்படும் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பரில் அங்கே வந்து இறங்குகின்றன. கோடியக்கரையில் பவளக்காலியைப் பார்த்து வளர்ந்த வேதாரண்யத்துக்காரர் கிராஞ்சியில் ரயிலைவிட்டு இறங்கிப் பேருந்து பிடித்தால் அதே பறவையை இங்கும் காணலாம். கிழக்கே சாங்கியிலிருந்து 4 வெள்ளிக்குப் படகேறினால் புலாவ் உபின். தெற்கே சிஸ்டர்ஸ் தீவுகளைச் சுற்றி 2014இல் அமைந்த கடற்பூங்கா. உலகில் அறியப்பட்ட 800க்கு மேற்பட்ட கடும்பவள இனங்களில் சுமார் 250 சிங்கப்பூர்க் கடலில் இருக்கின்றன. மலை, ஏரி, தீவு என்று வாரயிறுதிக்கு நாம் தேடுவது மூன்றும் பேருந்து அட்டையின் எல்லைக்குள்ளேயே கிடக்கின்றன.

'இவையெல்லாம் செயற்கைதானே' என்பது அடுத்த வாதம். இந்தக் குழப்பம் ஏன் வருகிறது என்று புரிகிறது. சிங்கப்பூரின் இயற்கை என்று விளம்பரங்கள் காட்டுவது கரையோரப் பூந்தோட்டத்தின் இரும்பு மரங்களையும், சாங்கி ஜுவலின் 40 மீட்டர் உள்ளரங்க அருவியையும்தான். அவை மனிதர் செய்தவை, அழகாகச் செய்யப்பட்டவை. அவற்றைப் பார்த்துவிட்டு, நாட்டில் இருக்கும் எல்லாப் பச்சையும் நட்டு வைத்ததே என்று நினைத்துவிடுகிறோம். புக்கிட் தீமாவின் உட்காட்டை யாரும் நடவில்லை. சுங்கை பூலோவின் சேற்றில் வேர்விட்டு நிற்கும் கண்டல் மரத்தை யாரும் தொட்டியில் வளர்த்துக் கொண்டுவந்து வைக்கவில்லை. வழிதவறாமலிருக்க மரப்பலகையில் நடைபாதை போட்டிருக்கிறார்கள் என்பதால் காடு செயற்கையாகிவிடாது.

இனி, நாம் தேடிப்போகும் 'உண்மையான இயற்கை'யைப் பார்ப்போம். கேமரன் மலையின் பச்சைச் சரிவுகளைப் படமெடுக்காத சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பம் குறைவு. அந்தச் சரிவு மழைக்காட்டை அழித்து உண்டாக்கிய தோட்டம். அங்கே போ தேயிலை நிறுவனம் 1929இல் தொடங்கியது. அந்த மலைச்சரிவுகளில் காட்டை வெட்டியவர்களிலும், தேயிலை நட்டவர்களிலும், முதுகில் கூடை கட்டிக் கொழுந்து பறித்தவர்களிலும் நம்மவர்கள் ஏராளம். அவர்கள் வேலை பார்த்த இடம் நமக்கு இயற்கைக் காட்சியாகிவிட்டது. அவர்கள் வெட்டி வீழ்த்திய காடு நம் நினைவிலேயே இல்லை. அதற்குப் பிறகும் காய்கறித் தோட்டங்களுக்கும் விடுதிகளுக்கும் சரிவுகளை வெட்டிக்கொண்டே போனார்கள். மண் சரிந்து ரிங்லெட் நீர்த்தேக்கத்தைத் தூர்த்தது. 2013 அக்டோபரில் கனமழையின்போது அணையிலிருந்து தண்ணீரைத் திறந்துவிட, பெர்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது. அந்த மலை ஏறிவரும் வண்டிகளின் பாரத்தையும் சுமக்கிறது. ஆனால் நாம் எடுக்கும் படத்தில் அது தெரிவதில்லை.

பிந்தானின் வடகரையில் உள்ள லாகோய் கடற்கரை 1990களில் சிங்கப்பூர், இந்தோனேசிய அரசுகளின் ஒப்பந்தத்தின்பேரில் விடுதிப் பகுதியாக உருவாக்கப்பட்டது. காவற்சாவடி தாண்டி உள்ளே போகிறோம், இரண்டு இரவு தங்குகிறோம், திரும்புகிறோம். அந்தத் தீவின் மீனவர் என்ன மீன் பிடிக்கிறார் என்று நமக்குத் தெரியாது. எந்தக் காட்டை அழித்து அந்தக் குழிப்பந்துத் திடல் வந்தது என்றும் தெரியாது. பிந்தான் அடங்கிய ரியாவ் தீவுக்கூட்டத்தின் கடலிலிருந்து பல்லாண்டுகள் மணலை அள்ளி நாம் நம் நிலத்தை நீட்டினோம். 1960களில் சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த சிங்கப்பூர் இன்று 730 சதுர கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. நீப்பா என்ற சிறு தீவு கடலுக்குள் அமிழ்ந்துபோகும் நிலை வந்தபின், 2003இல் இந்தோனேசியா கடல்மணல் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. ஆக, அக்கரையின் மணலை இக்கரைக்குக் கொண்டுவந்து, இக்கரையின் பவளத்திட்டுகளைப் புதைத்துவிட்டு, இப்போது பவளம் பார்க்க அக்கரைக்குப் போகிறோம். இக்கரைக்கு அக்கரை பச்சை என்ற பழமொழி ஜொகூர் நீரிணைக்கும் சிங்கப்பூர் நீரிணைக்கும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியிருக்க வேண்டாம்.

ஊருக்குப் போனாலும் இதே கதைதான். விடுமுறைக்குத் தமிழ்நாடு போகிறவர்கள் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஒரு நடை போகாமல் திரும்புவதில்லை. கூட்டம் தாங்காமல் 2024 மே மாதத்திலிருந்து அந்த இரு மலைகளுக்கும் இ-பாஸ் வாங்கித்தான் போக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பின்னர் நாளொன்றுக்கு இத்தனை வண்டிகள்தான் என்று வரம்பும் வைத்தது. மலையை நேசிப்பதாகச் சொல்லிக்கொள்பவர்களிடமிருந்து மலையைக் காப்பாற்ற நீதிமன்றம் குறுக்கே வர வேண்டியிருக்கிறது. வாரயிறுதி இன்பச் சுற்றுலாவை இயற்கை மீதான அன்பு என்று இனியும் எப்படிச் சொல்வது?

நம் இலக்கண மரபே இந்தப் பார்வைக்கு எதிரானது. தொல்காப்பியம் நிலத்தைப் பற்றிப் பேசும்போது முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று பிரிக்கிறது. நிலமும் பொழுதும் முதல். அங்கே வாழும் தெய்வம், விலங்கு, மரம், உணவு, பறை, தொழில் ஆகியவை கரு. அங்கே மனிதர் கொள்ளும் உறவும் உணர்வும் உரி. குறிஞ்சி என்றால் தூரத்தில் நின்று பார்க்கும் மலை என்று அந்த மரபு நமக்குக் கற்பிக்கவில்லை. மலையில் என்ன விளைகிறது, யார் வாழ்கிறார்கள், எந்தப் பொழுதில் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று கேட்கக் கற்பித்தது. வாழாத இடத்தை வெறும் காட்சியாக நுகர்ந்துவிட்டு, வாழும் இடத்தில் எந்த மரம் எப்போது பூக்கும் என்றே தெரியாமலிருப்பது திணை மரபில் வந்தவர்களுக்கு அழகில்லை. உங்கள் புளோக்கின் அடியில் நிற்கும் மரத்தின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? தெரியாது என்றால் குறை அந்த மரத்தின் மேல் இல்லை.

சிங்கப்பூர்த் தமிழர் இப்படிப் பேசும்போது தம் வரலாற்றையும் மறந்துவிடுகிறார்கள். 1825இல் பென்கூலனிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்ட இந்தியக் கைதிகள்தான் இந்தத் தீவின் காட்டை ஊடுருவிச் சாலை போட்டவர்கள். பின்னர் சென்னை மாகாணத்திலிருந்தும் கைதிகள் வந்தார்கள். 1873இல் கைதி முகாம் மூடப்படும்வரை தீவின் முக்கியமான சாலைகளும் பெரிய கட்டடங்களும் அவர்கள் உழைப்பில் எழுந்தன. புக்கிட் தீமா சாலையும் அவர்கள் கையால் வந்ததுதான். அன்று அந்தக் காட்டில் புலி இருந்தது. மிளகு, கம்பீர் தோட்டங்களில் வேலை செய்தவர்களைப் புலி அடித்தபோது, அதை வேட்டையாடவும் கைதிகளையே அனுப்பினார்கள். இந்தத் தீவின் கடைசிக் காட்டுப்புலி 1930இல் சுவா சூ காங்கில் சுடப்பட்டது. ஒரு தமிழர் சிங்கப்பூரில் காடே இல்லை என்று சொல்வது தன் முன்னோரின் கையில் காய்த்த காய்ப்பை மறுப்பதற்குச் சமம்.

லிட்டில் இந்தியாவும் நீரும் புல்லும் இருந்ததால்தான் உருவானது. ரோச்சோர் ஆற்றங்கரைச் சதுப்பு மாடு வளர்க்க வாகாக இருந்தது. மாட்டுப்பட்டிகள் வந்தன, அவற்றை நம்பி மனிதர்கள் வந்தார்கள். எருமைச் சாலையும் கெர்பாவ் சாலையும் அதன் அடையாளமாக இன்றும் இருக்கின்றன. செயிண்ட் ஜான்ஸ் தீவைப் பாருங்கள். இன்று மரினா சவுத் படகுத்துறையிலிருந்து சுற்றுலாப் படகு போகும் அந்தத் தீவு ஒரு காலத்தில் தொற்றுநோய்த் தடுப்பு முகாம். கப்பலில் வந்த இந்தியத் தொழிலாளர்கள் சிங்கப்பூருக்குள் நுழையும்முன் அங்கே தங்கவைக்கப்பட்டார்கள். பின்னாளில் நாட்டின் அதிபரான தேவன் நாயர் 1950களின் தொடக்கத்தில் அரசியல் கைதியாக அங்கேதான் அடைபட்டிருந்தார். அப்படிப்பட்ட தீவு அரைமணி தூரத்தில் இருக்க, நம் வரலாற்றோடு தொடர்பே இல்லாத கடற்கரையைத் தேடி ஏன் விமானம் ஏறுகிறோம்?

இங்கே இருப்பதைக் கூட்டிச் சொல்ல நான் விரும்பவில்லை. 1819க்குப் பிறகு இந்தத் தீவு தன் காட்டில் 95 விழுக்காட்டுக்கும் மேல் இழந்துவிட்டது. பவளத்திட்டுகளில் பாதிக்கு மேல் மண்ணுக்கடியில் போய்விட்டன. 1986இல் புக்கிட் தீமா விரைவுச்சாலை போட்டபோது மலைக்காடும் நீர்ப்பிடிப்புக் காடும் இரண்டாகப் பிளந்தன. அடுத்த ஆண்டே, 1987இல், புக்கிட் தீமாவில் கடைசியாக மிஞ்சியிருந்த ராஃபிள்ஸ் கருங்குரங்கு நாய்கள் கடித்து இறந்தது. அந்த இனத்தில் இன்று இந்த நாட்டில் இருப்பவை எழுபது சொச்சம். அவை நீர்ப்பிடிப்புக் காட்டில் மட்டுமே வாழ்கின்றன. ஆனால் இந்தக் கணக்கு என் எதிராளியின் வாதத்துக்கு உதவாது. நூறில் ஐந்துதான் மிச்சம் என்றால், அந்த ஐந்தை உயிராக மதிக்க வேண்டும். 'ஒன்றுமே இல்லை' என்று சொல்பவர் அந்த ஐந்தையும் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறார்.

மிச்சமிருப்பது எப்படி மிஞ்சியது? தானாக மிஞ்சவில்லை. 1986இல் சுங்கை பூலோவின் பாழடைந்த இறால் பண்ணைகளில் வலசைப் பறவைகள் குவிந்திருப்பதைக் கண்டவர்கள் வாரயிறுதியில் அங்கே நடந்துபோன பறவை ஆர்வலர்கள். அவர்கள் அரசுக்கு முன்மொழிவு எழுதினார்கள். 1993இல் அது இயற்கைப் பூங்காவானது, 2002இல் சட்டப் பாதுகாப்புப் பெற்ற வனப்பகுதியானது. 1992இல் லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தின் காட்டில் குழிப்பந்துத் திடல் அமைக்கத் திட்டம் வந்தது. சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் அங்கே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று அறிக்கை வெளியிட்டது, ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள், திட்டம் கிடப்பில் போனது. புலாவ் உபினின் செக் ஜாவா கடற்கரையை மண் போட்டு மூட எல்லாம் தயாராக இருந்தது. தாவரவியலாளர் ஒருவர் அங்கே இறங்கி நடந்து எச்சரிக்கை எழுப்ப, 2001இல் மக்கள் கூட்டங்கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள், கடிதம் எழுதினார்கள். 2002 பிறந்த வேளையில் அந்த வேலை ஒத்திவைக்கப்பட்டது. 2007இல் அங்கே நடைபாதை திறந்தது. இந்த மூன்று இடங்களையும் காப்பாற்றியவர்கள் உள்ளூரிலேயே நடந்தவர்கள். அந்த வாரயிறுதிகளில் அவர்கள் எல்லாரும் அக்கரைக்குப் போயிருந்தால் இன்று இந்த மூன்றும் இல்லை.

எல்லா முயற்சியும் வெல்லவில்லை. செனோக்கோவின் பறவைகள் வாழ்ந்த சதுப்பு 1994இல் வீடமைப்புக்குப் போனது. தெங்காவில் 700 ஹெக்டேர் புதுநகரம் எழுகிறது. அங்கே வளர்ந்திருந்த காட்டில் ஒரு நீளப் பட்டையே மிஞ்சுகிறது. கிராஞ்சியில் அனுமதிக்கும் முன்பே 4.5 ஹெக்டேர் அளவுக்குக் காடு வெட்டப்பட்டது. 2021இல் அது வெளியே வந்ததே ஒருவர் எடுத்துப் பகிர்ந்த படத்தால்தான். பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள் இருந்தால் காடு பிழைக்கிறது. கண்கள் வேறெங்கோ இருந்தால் போய்விடுகிறது.

இந்தப் போராட்டங்களில் நம்மவர்கள் இல்லாமலில்லை. 2019இல் மறைந்த சுபராஜ் ராஜதுரை சுங்கை பூலோவுக்காகவும் லோவர் பியர்ஸுக்காகவும் உழைத்தவர். வாழ்நாளெல்லாம் இந்தத் தீவின் காட்டில் மக்களை அழைத்து நடந்தவர். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் கற்பிக்கும் என். சிவசோதி நீர்நாய்களையும் அலையாத்திக் காடுகளையும் பற்றி ஒரு தலைமுறைக்கே சொல்லிக்கொடுத்தவர். கடற்கரைக் குப்பை அகற்றும் தன்னார்வலர்களை ஆண்டுதோறும் ஒருங்கிணைத்தவர். நம் மேடைகளில் இந்தப் பெயர்களை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? கவியரங்கத்துக்குக் குறைவில்லை, பட்டிமன்றத்துக்குக் குறைவில்லை. காட்டைக் காப்பாற்றிய தமிழருக்கு ஒரு விழா எடுத்ததாக எனக்கு நினைவில்லை.

"வாரம் முழுக்க உழைக்கிறோம். மன அழுத்தம் தீர வேண்டாமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் மருந்து எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரின் விவரங்களை ஆராய்ந்த ஆய்வு ஒன்று 2019இல் வெளியானது. வாரத்துக்கு 120 நிமிடமாவது பூங்கா, காடு, கடற்கரை போன்ற இடங்களில் செலவிட்டவர்களே, அறவே போகாதவர்களைவிடத் தம் உடல்நலமும் மனநிறைவும் நன்றாக இருப்பதாகச் சொன்னவர்கள். ஒரே நடையில் போனாலும் பல நடையாகப் போனாலும் பலன் அதேதான். 120 நிமிடம் மெக்ரிட்சியில் ஒரு மாலைக்குள் அடங்கும். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் நீண்ட வாரயிறுதியின் காலையில் வரிசையில் நிற்பவர்களுக்கு அது போதாது. ஆண்டுக்கு இருமுறை தீவிரமாக இயற்கையை நுகர்ந்துவிட்டு மீதி நாளெல்லாம் குளிரூட்டிக்குள் அடைந்து கிடப்பதைவிட, வாரந்தோறும் ஒரு மாலை மரத்தடியில் நடப்பது உடம்புக்கும் மனதுக்கும் நல்லது. கைக்காசுக்கும் நல்லது.

இதற்குச் சான்று நம் கண் முன்னாலேயே நடந்தது. 2020 மார்ச்சில் எல்லைகள் மூடின. கடற்பாலம் வெறிச்சோடியது. எங்கும் போக முடியாத சிங்கப்பூரர்கள் என்ன செய்தார்கள்? பழைய ரயில் தடத்தில் நடந்தார்கள். 2011இல் கடைசி ரயில் போனபின் பசுமை வழியாகிவிட்ட 24 கிலோமீட்டர் பாதை அது. கிளமெண்டி காட்டைக் கண்டுபிடித்து மூடுபனிக் காலையில் படமெடுத்தார்கள். நீர்நாய்க் குடும்பங்களைப் பெயர் சொல்லித் தொடர்ந்தார்கள். அந்தக் காலத்தில்தான் டோவர் காட்டைக் காக்க வேண்டும் என்ற குரலும் வலுத்தது. பார்த்த மக்கள் பேசத் தொடங்கினார்கள். 2022 ஏப்ரலில் தரைவழி எல்லை முழுதும் திறந்ததும் பழைய பேச்சு திரும்பி வந்துவிட்டது: "இங்கே என்னங்க இருக்கு?"

இந்த நம்பிக்கையில் எனக்கு மிகவும் உறுத்துவது ஒன்று உண்டு. இயற்கை என்றால் பயணச்சீட்டு வாங்கிப் போவது என்று வைத்துக்கொண்டால், சீட்டு வாங்க முடியாதவருக்கு இயற்கை இல்லை என்றாகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் புல்வெளிகளில் வந்து உட்காரும் நம் கட்டுமானத் தொழிலாளர்களைப் பாருங்கள். துவாஸ் விடுதியிலிருந்தும் சுங்கை காடுட் விடுதியிலிருந்தும் வாரத்தில் கிடைக்கும் ஒரே நாளில் வருகிறவர்கள். புதுக்கோட்டையில் கண்மாயும், தஞ்சாவூரில் வாய்க்காலும், ராமநாதபுரத்தில் கருவேலங்காடும் கண்டு வளர்ந்தவர்கள். சிங்கப்பூரின் பச்சையை வெட்டிச் சீர்படுத்துவதும் பெரும்பாலும் அவர்களைப் போன்றவர்கள்தான். முதுகில் புல்வெட்டும் இயந்திரத்தைச் சுமந்துகொண்டு, வெயிலில் சாலையோரப் புல்லைச் செதுக்குபவரின் மொழி பல நாள் தமிழாக இருக்கும். 1963இல் லீ குவான் இயூ ஒரு மரம் நட்டுத் தொடங்கிவைத்த பசுமை நகரத்தை ஒவ்வொரு காலையிலும் மீண்டும் உண்டாக்குவது இவர்களுடைய கைகள். 2020இல் பெருந்தொற்று வந்தபோது மாதக்கணக்கில் விடுதிக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தவர்களும் இவர்களே. வெளியே போவது என்ற சொல்லின் அருமை இவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு நமக்குத் தெரியாது.

இவர்களை வார இறுதியில் பிந்தானுக்கு யாரும் அழைத்துப் போகப்போவதில்லை. ஆனால் செக் ஜாவாவுக்கு அழைத்துப் போகலாம். நம் வீடுகளில் வேலை செய்யும் பணிப்பெண்களுக்கும் இது பொருந்தும். 2023ஆம் ஆண்டிலிருந்து, மாதத்தில் ஒரு நாளாவது காசு கொடுத்து ஈடுகட்ட முடியாத கட்டாய ஓய்வுநாள் அவர்களுக்குச் சட்டப்படி உண்டு. அந்த நாளில் அவர்கள் போக இலவசமான, நிழலான, அழகான இடம் தீவெங்கும் இருக்கிறது. அதை அவர்களிடம் சொல்ல வேண்டுமென்றால் முதலில் நமக்கே அது தெரிந்திருக்க வேண்டும்.

எதிர்த்தரப்பில் இன்னொரு வாதமும் உண்டு: எல்லாரும் உள்ளூர்க் காட்டுக்குள் கிளம்பினால் காடு தாங்குமா? தாங்காது என்பதைப் புக்கிட் தீமாவே காட்டியது. கால்பட்டுத் தேய்ந்த சரிவுகளைச் சீராக்க 2014 முதல் 2016 வரை அந்த வனப்பகுதியின் பாதைகள் மூடப்பட்டன. ஆனால் இந்த வாதம் உள்ளூரில் மட்டும் எழுவது ஏன்? கேமரன் மலையும் லாகோயும் மட்டும் தாங்குமா? நம் வீட்டுக் காடு என்றால் அதன் வழித்தடம் மூடியதும் நமக்குத் தெரிகிறது, ஏன் மூடினார்கள் என்று படிக்கிறோம், அடுத்த முறை பாதையைவிட்டு இறங்காமல் நடக்கிறோம். 2013இல் விரைவுச்சாலைக்கு மேலே காட்டுப் பாலம் கட்டிப் பிளந்த காட்டை இணைத்தார்கள். எறும்புத்தின்னி அதன்மேல் கடந்துபோவதைப் பதிவு செய்தார்கள். 2019இல் குறுக்குத்தீவு ரயில்பாதையைக் காட்டுக்கு அடியில் 70 மீட்டர் ஆழத்தில் கொண்டுபோக முடிவெடுத்தபோது அதற்காகவும் நாடு விவாதித்தது. விவாதம், சீரமைப்பு, பொறுப்பு இவையெல்லாம் சொந்த நிலத்தில்தான் நடக்கும். விருந்தாளியாகப் போன இடத்தில் நடக்காது.

என்ன செய்யலாம்? தமிழ்ச் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் ஆண்டுக்கு ஒருமுறை மலேசியாவுக்குப் பேருந்து எடுக்கும் பழக்கத்தோடு, மாதம் ஒருமுறை உள்ளூர் நடையையும் சேர்க்கட்டும். நடத்தத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். தமிழாசிரியர்கள் ஐந்திணையைக் கணினித் திரையில் காட்டாமல், அலையாத்தி மரத்தடியில் நின்று நெய்தலைச் சொல்லிக்கொடுக்கட்டும். தமிழ் ஊழியர்களை வைத்திருக்கும் முதலாளிகள் ஆண்டு விருந்துக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை எடுத்து, அவர்களை உபினுக்கு அழைத்துப் போகட்டும். பெற்றோர்கள் பிள்ளைகளின் பள்ளி விடுமுறைப் பட்டியலில் முதல் வாரத்தை இந்தத் தீவுக்கு ஒதுக்கட்டும். தேக்கா அருகே புக்கிட் தீமா சாலையில் ஓடும் 170ஆம் எண் பேருந்து ஜொகூர் பாருவுக்குப் போகும் வழியில் மலையடிவாரத்தையும் தொட்டுக்கொண்டுதான் போகிறது. எல்லைவரை போகாமல் பாதியில் இறங்கப் பழகுவோம்.

நகர மறுசீரமைப்பு ஆணையம் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை நாட்டின் பெருந்திட்டத்தை மறுபரிசீலனை செய்கிறது. எந்த நிலம் வீடாகும், எந்த நிலம் சாலையாகும், எந்த நிலம் காடாகவே இருக்கும் என்று அது முடிவு செய்கிறது. வரைவை வெளியிட்டுப் பொதுமக்கள் கருத்தும் கேட்கிறது. இந்த நாட்டுக்கு வீடும் சாலையும் தேவை, அதை மறுக்கவில்லை. ஆனால் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கவே கூடாது என்று சொல்ல, அந்த நிலத்தில் நடந்தவர்களுக்கே தகுதி வரும். அடுத்த வரைவு வரும்போது அந்தக் கருத்துகளுக்கிடையே தமிழ்ப் பெயர்களும் நிறைய இருக்க வேண்டும். அதற்கான நடையை இந்தச் சனிக்கிழமையே தொடங்கலாம். கடவுச்சீட்டு தேவையில்லை.